மேட்னி ஷோவில் இறங்கிய அம்மன்

கன்னியம்மாளுக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சோறு தின்னும்போது கூட ஒரு காலை மடக்கி ஒரு காலைக் குத்துக்காலிட்டு, யாரோ கூப்பிட்டால் ஓடத் தயாராக இருக்கிறவள் மாதிரிதான் உட்காருவாள். "ஏம்மே, கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்தியா?" என்று புருஷன் சுப்பன் கேட்பான். அவன் கேட்டு முடிப்பதற்குள் அவள் வாசலுக்குப் போய்த் திரும்பியிருப்பாள்.

மலைக்குப் பின்னால் இருக்கிற அடி அண்ணாமலை கிராமத்தில் பிறந்தவள். திருவண்ணாமலை டவுனில் மண்டியில் மூட்டை தூக்குகிற சுப்பனுக்கு வாழ்க்கைப்பட்டாள். எண்பத்தொன்பதாம் வருஷம், மகள் மணிமொழி ஒண்ணாங்கிளாஸ் போக ஆரம்பித்த பிறகு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சினிமா தியேட்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்கள் பக்கக் கதவில் டிக்கெட் கிழிப்பது, ஆட்டம் முடிந்ததும் கூட்டிப் பெருக்குவது, இதுதான் வேலை. மேனேஜர் குலாம் ரசூல் பாய் நல்ல மனுஷர். "கன்னியம்மா, கதவாண்ட நில்லு, போதும். படம் பாக்கறதுக்கு நான் சம்பளம் குடுக்கல" என்று அதட்டுவார். ஆனால் பாட்டு ஆரம்பித்தால் அவள் கதவண்டை நிற்கமாட்டாள் என்று அவருக்கும் தெரியும்.

பாட்டு என்றால் எல்லாப் பாட்டும் இல்லை. ஆட்டம் இருக்கிற பாட்டு. அதிலும் ஜோடியாகப் பூந்தோட்டத்தில் ஓடுகிற ஆட்டத்துக்கு அவளிடம் மரியாதை கிடையாது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் மழையில் ஆடுவது, கட்டியவன் கைவிட்ட பிறகு கல்யாண மண்டபத்திலேயே ஒருத்தி சலங்கை அறுந்து விழ ஆடுவது, அப்படி ஏதாவது வந்தால்தான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு கறுப்புத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போவாள். கால் பெருவிரல் தானாகத் தரையைத் தட்டும். அவள் அதற்கு ஒரு அளவுகோல் வைத்திருந்தாள். ஆட்டம் நெஞ்சைப் பிடித்துவிட்டால் கொட்டகையில் மல்லாட்டை உடைக்கிற சத்தம் நின்றுவிடும். அன்றைக்குக் கூட்டும்போது கடலைத் தோலும் கம்மியாக இருக்கும்.

இரண்டாயிரத்து ஒன்றில், ஆடி பிறந்ததும் அந்த அம்மன் படம் வந்தது. வாய் பேசாத மருமகள் ஒருத்தி. மாமியார் வீட்டில் அவளைப் படுத்தாத பாடில்லை. படம் முழுக்க ஒரு சத்தம் போடமாட்டாள். கடைசியில் கோயில் வாசலில் எல்லாருமாகச் சேர்ந்து அவளைத் தள்ளிவிட, விழுந்த இடத்திலேயே அவளுடைய ஒரு கால் மெதுவாக மண்ணைத் தட்டும். தட்... தட்... உடுக்கை அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இன்னொரு கால். கொண்டை அவிழும். எழுந்து ஆடுவாள் பாருங்கள், அப்பப்பா! படம் முழுக்க அழுதவளுடைய கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. ஆடிக்கொண்டே ஒவ்வொருத்தனாக விரல் நீட்டுவாள். வாய் திறக்காதவள் பேசியதெல்லாம் அந்த ஆட்டத்தில்தான். அதைப் பார்த்துவிட்டு முதல் நாள் கன்னியம்மாள் வீட்டுக்குப் போய் ரசம் வைக்க மறந்துவிட, சுப்பன் தட்டைத் தூக்கி எறிந்தான்.

படத்தோடு விநியோகஸ்தருடைய ஆள் ஒருத்தன் வந்திருந்தான். அவன் ரசூல் பாயிடம் சொன்னான்: "வேலூர்ல பொம்பளைங்களுக்கு சாமி வருது சார். இங்க சும்மா உக்காந்துட்டு போறாங்க. ஒருத்தி ஆரம்பிச்சு வுட்டா போதும், மத்தவங்களுக்கு தானா வந்துடும்."

பாய் தலையைச் சொறிந்தார். "சாமி சமாச்சாரம்யா. எனக்கு பயமா இருக்கு" என்றார். ஆனால் மறுநாள் மஞ்சள் புடவை ஒன்று வந்தது. கன்னியம்மாள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். உடுக்கை கிளம்பியதும் எழுந்து தலையை விரித்துப் போட்டு ஆடினாள். இத்தனை வருஷம் திரைச்சீலைக்குப் பின்னால் தட்டிக்கொண்டிருந்த கால் அல்லவா, கேட்பானேன்! அவள் ஆரம்பித்த நொடியில் பக்கத்து வரிசையில் ஒருத்தி "ஊ..." என்று கிளம்பினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நாலைந்து காட்சி போன பிறகு கன்னியம்மாள் ஆரம்பித்து வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அதன் பிறகு அவளுக்கு வேலை மாறியது. சாமி வந்து ஆடுகிறவர்களை அமர்த்தி, சாமியை மலையேற்ற வேண்டும். வேப்பிலை, விபூதி, எலுமிச்சம்பழம் எல்லாம் பாயே காலையில் மார்க்கெட்டில் வாங்கி வந்து வைத்துவிடுவார். திரைக்கு முன்னால் ஒரு தட்டில் கற்பூரம் எரியும், அதற்குப் பக்கத்தில் அவர் உத்தரவுப்படி ஒரு வாளி மணலும் ஒரு வாளி தண்ணீரும் இருக்கும்.

ஆனால் கன்னியம்மாளுக்கு மனசு ஆறவில்லை. முதலில் அம்மன் இறங்கியது இந்த அம்மா மேலதான் என்று பெண்கள் அவளைக் காட்டிக் கும்பிட்டார்கள். கும்பிடக் கும்பிட அவள் துடைப்பத்தோடு பின்பக்கம் நழுவினாள். பிறந்த ஊரில் கூழ் ஊற்றும் திருவிழாவில் அவள் பார்த்திருக்கிறாள். அருள் வந்ததாக ஒருத்தி ஆடினால் நாக்கில் கற்பூரம் ஏற்றிப் பார்ப்பார்கள். அம்மன் நிஜமாக இறங்கியிருந்தால் சுடாது. வேஷமென்றால் சுட்டுவிடும், கத்திக்கொண்டு ஓடுவாள். தன் நாக்கில் யாரும் கற்பூரம் வைக்காத வரைக்கும் தப்பித்தோம் என்று கன்னியம்மாள் நினைத்துக்கொள்வாள். நினைத்துக்கொண்டே எழுந்து தெருவைக் கூட்டுவாள், கூட்டிய தெருவையே மறுபடியும் கூட்டுவாள்.

இந்த லட்சணத்தில்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து நாத்தனார் எல்லம்மாள் வந்து இறங்கினாள். சுப்பனைச் சின்ன வயசில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அக்கா நில்லென்றால் நிற்பான், உட்காரென்றால் உட்காருவான். தன் கொழுந்தனுக்கு மணிமொழியைக் கேட்டு வந்திருந்தாள். ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் என்று நாளும் பார்த்துவிட்டு வந்துவிட்டாள்.

அந்தக் கொழுந்தனுக்கு மணிமொழியைப் போல இரண்டு மடங்கு வயசு. நிலம் இருந்தது, பம்புசெட் இருந்தது, குடியும் இருந்தது. முதல் பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அவள் கையில் மாவுக்கட்டோடு கார்த்திகை தீபத்துக்கு வந்து நின்றதைக் கன்னியம்மாள் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டதற்கு அந்தப் பெண் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும்.

மணிமொழி பிளஸ் டூ முடித்துவிட்டு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வேணாம்மா. நான் செத்துடுவேன்" என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் தாயை உலுக்கியது.

கன்னியம்மாள் புருஷனிடம் பேசிப் பார்த்தாள். "அந்தாளு கையில குடுக்கறதுக்கு கெணத்துல தள்ளிடு."

"எங்கக்காவுக்கு தெரியாததா ஒனக்கு தெரிஞ்சிடுச்சு? தியேட்டர்ல பொறுக்கறவ, நீ பேசாத." அவ்வளவுதான் பதில். எல்லம்மாளிடமும் கேட்டாள். "இன்னா கன்னி, ஆம்பளைன்னா கோவம் இருக்காதா? நீ வாங்காத அடியா?" என்று வெற்றிலையை மடித்தாள் நாத்தனார். கன்னியம்மாள் வாங்கியிருக்கிறாள்தான். அதனால்தானே சொல்கிறாள்!

ஆடிப் பௌர்ணமி வந்தது. சாயந்திரம் மலை சுற்றிவிட்டு மறுநாள் ஊருக்குப் போவதாக எல்லம்மாள் திட்டம் போட்டிருந்தாள். ஆடி மாதமென்றும் பாராமல், போவதற்கு முன்னால் நிச்சயதாம்பூலம் மாற்றிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டாள். அன்று காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்போதே கன்னியம்மாள் முடிவு செய்துவிட்டாள்.

"அண்ணி, வெயில் தாழத்தானே மலை சுத்துவீங்க? அதுவரைக்கும் வூட்டுல இன்னா பண்ணப் போறீங்க? அம்மன் படம் ஓடுது. நீங்களும் இவரும் மேட்னிக்கு வாங்க, நல்ல சீட்டா போட்டுத் தரேன்" என்றாள். எல்லம்மாளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. தம்பியோடு வந்து நடு வரிசையில் அமர்ந்தாள். மணிமொழியையும் இழுத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

கன்னியம்மாள் மஞ்சள் புடவையில் ஓரமாக நின்றாள். படம் நகரவே மாட்டேன் என்றது. திரையில் மாமியார் அடித்தாள், நாத்தனார் சூடு வைத்தாள், எல்லம்மாள் அதைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டினாள். அந்த 'உச்' சத்தம் கேட்டபோது கன்னியம்மாளுக்கு வந்த ஆத்திரம் வேஷமில்லை.

திரையில் வாய் பேசாதவள் மண்ணில் விழுந்தாள். தட்... தட்... மல்லாட்டைச் சத்தம் நின்றது. கன்னியம்மாளின் கொண்டை அவிழ்ந்தது. நடுப்பாதையில் ஆடிக்கொண்டே போய், சுப்பனுக்கு நேரே நின்று விரலை நீட்டினாள்.

"டேய் சுப்பா! எம் புள்ளைய எவன் கையில குடுக்கப் போற? பொண்டாட்டி கைய ஒடச்சவன் கையிலயாடா? தாம்பூலம் மாத்துனா உன் வூட்டு வாசல் வெளங்காதுடா!"

இருபது வருஷக் குடித்தனத்தில் பெண்டாட்டி அவனை 'டா' போட்டதில்லை. சுப்பன் எழுந்து நின்று கைகூப்பினான். "அம்மா, தாயே..." என்று அவன் தொடங்கினான். காரியம் முடிந்தது என்றுதான் கன்னியம்மாள் நினைத்தாள்.

அப்போது பக்கத்து இருக்கையிலிருந்து "ஊ...!" என்று ஒரு கூச்சல். எல்லம்மாள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள். "நாந்தாண்டா உன் ஆத்தா! சொன்ன எடத்துல பொண்ண குடுடா! ஆவணி தாண்டக் கூடாது! தாண்டுனா குடும்பமே அழிஞ்சி பூடும்!"

அடிப்பாவி! இப்படி ஒன்று நடக்குமென்று கன்னியம்மாள் கனவிலும் நினைக்கவில்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு அம்மன், இரண்டு உத்தரவு. சுப்பன் கூப்பிய கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சனமெல்லாம் இவர்களைப் பார்க்க ஆரம்பித்தது.

பின் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து கத்தினாள்: "ரெண்டு பேருக்கும் கற்பூரத்த வையிங்கடி! எது நெசம்னு தெரிஞ்சிடும்!"

தட்டு கை மாறி வந்தது. முதலில் எல்லம்மாளிடம் நீட்டினார்கள். கற்பூரம் நீலமாகவும் மஞ்சளாகவும் எரிந்தது. எல்லம்மாள் ஒற்றைக் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தாள். நாக்கு வெளியே வரவில்லை. உடம்பு மெதுவாகத் தளர்ந்தது. "தண்ணி... தண்ணி குடுங்க" என்று நாற்காலியில் சரிந்தாள். அம்மன் மலையேறிவிட்டாள்.

தட்டு கன்னியம்மாளிடம் வந்தது.

அவளுக்குத் தெரியும், தன் மேல் யாரும் இறங்கவில்லை. மலையேற்றுகிற வேலைதான் தன்னுடையது, தன்னை மலையேற்ற ஆளில்லை. "தண்ணி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். ஆனால் இரண்டு அம்மனும் பொய் என்றாகிவிட்டால் தாம்பூலம் மாறிவிடும். மணிமொழி அழாமல், அசையாமல், தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீபத்தன்று மாவுக்கட்டோடு நின்றவளும் சிரிப்பதற்கு முன்னால் அதே மாதிரிதான் பார்த்தாள். கன்னியம்மாள் கற்பூரத்தை எடுத்து நாக்கில் வைத்தாள்.

திரையில் உடுக்கை உச்சத்துக்குப் போயிருந்தது. அவள் ஆட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கத்திவிடுவாள் என்று அவளுக்குத் தெரிந்தது. காலை ஓங்கி ஓங்கித் தரையில் அடித்தாள், வலியெல்லாம் கால் வழியாகவே வெளியே போகட்டும் என்று அடித்தாள். கண்ணில் ஒரு சொட்டு வரவிடவில்லை. தீ நாக்கில் அமர்ந்து நிதானமாக எரிந்தது. பிறகு வாயை மூடி அதை விழுங்கினாள். கொட்டகை முழுக்கக் குலவை எழுந்தது. மணல் வாளியோடு ஓடி வந்த ரசூல் பாய் பாதி வழியில் நின்று செருப்பைக் கழற்றினார்.

முதலில் காலில் விழுந்தது எல்லம்மாள்தான். "அம்மாவே சொல்லிட்டாடா சுப்பா. எங் கொழுந்தனுக்கு வேற எடம் பாத்துக்கலாம்" என்றாள். சுப்பன் பெண்டாட்டியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நேற்று அந்தக் காலைத்தான் எட்டி உதைத்தான்.

சாயந்திரம் எல்லம்மாள் மலை சுற்றப் போய்விட்டாள். வீட்டு வாசலில் சுப்பன் யாரையும் உள்ளே விடாமல் காவலுக்கு நின்றான். பார்க்க வந்த தெருக்காரர்களிடம் குரலைத் தாழ்த்தி விவரம் சொல்லிக்கொண்டிருந்தான். பாய் கேன்டீனிலிருந்து ஐஸ் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே கன்னியம்மாள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரமாக அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

மணிமொழி ஐஸை உடைத்து ஒரு சில்லை அவள் வாயில் வைத்தாள். "எம்மா" என்று மெல்லக் கேட்டாள், "நெஜமாவே அம்மன் வந்துச்சா?"

கன்னியம்மாள் வாசல் பக்கம் பார்த்தாள். சுப்பனின் முதுகு தெரிந்தது. மகளை இன்னும் கிட்டே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். வீங்கிய நாக்கால் பேச வரவில்லை. இருந்தும் பேசினாள்.

"சுட்டுச்சிடி" என்றாள்.