கண்ணை விட்டுப் போன பாவை

முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில், லோரி ஓட்டுகிற நான், என் கண்ணுக்குள் குடியிருந்த பொம்மை வெளியேறிவிட்டது என்று நம்பினேன்.

இடக்கண்ணில் கொசுக்கூட்டம்போலக் கரும்புள்ளிகள் பறந்தன. ஓரத்தில் மின்னியது. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் என் மனைவியின் தம்பி சேகரிடம் காட்டினேன். முகத்தருகே வந்து பார்த்தான்.

"மச்சான், ஒங்க கண்ணுல நான் தெரியல லா. பாவை போயிருச்சு. பாவை போனா ஆள் தாங்காதுன்னு சொல்வாங்க."

சொல்லிவிட்டு இன்னொரு வடை கேட்டான்.

இரண்டு நாள் சாகத் தயாரானேன். மாலை போட நல்ல புகைப்படம் தேடினேன்; எல்லாவற்றிலும் தொப்பை. மூன்றாம் நாள் புள்ளிகள் பெருகியதும் மனைவி கிள்ளானில் ஒரு கண் மருத்துவமனைக்கு இழுத்துப்போனாள்.

தாதி சொட்டு மருந்து விட்டார். "அனாக் மாத்தா பெருசாகணும் அங்கிள், உக்காருங்க."

மலாயில் அது 'கண்ணின் பிள்ளை'. நம் பாவைதான் (கருவிழி நடுவே ஒளி நுழையும் துளை).

"அந்தப் பிள்ளையே ஓடிப்போச்சாம்மா" என்று சேகர் சொன்னதைச் சொன்னேன்.

அதைக் கேட்டபடி வந்த மருத்துவர் சிரிக்கவில்லை. "லத்தீன்லயும் அதுக்குப் பேரு சின்னப் பொம்மைதான் அங்கிள். பியூப்பில்னு சொல்றது அதுலேருந்து வந்தது. யாரு கிட்ட வந்து பாக்குறாங்களோ, அவங்க உருவம் குட்டியா தெரியும். ஒங்க கண்ணுல இப்ப நான் நல்லாத் தெரியிறேன். தெரியலன்னு சொன்னவரு கண்ணைத்தான் பாக்கணும்."

எனக்கு விழித்திரையில் (காட்சியை வாங்கும் உட்படலம்) கிழிசல். இன்னும் தாமதித்திருந்தால் படலமே கழன்றிருக்கலாம். பார்வையும் லோரியும் போயிருக்கும். லேசரால் சுற்றி ஒட்டினார்கள். உங்களுக்கும் புள்ளிகள் பறந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். மச்சினனிடம் காட்டாதீர்கள்.

ஓய்வில் இருந்த வாரங்களில் தினமும் ஒவ்வொரு கண்ணாக மூடிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இத்தனை வருடம் கண் எனக்கு உழைத்தது. இப்போது நான் அதற்குக் காவல். மீதி நேரமெல்லாம் சேகரைப் பழிவாங்கும் யோசனை.

பப்பாளியோடு நலம் விசாரிக்க வந்தான். தாடையைப் பிடித்து அவன் கண்ணை உற்றுப் பார்த்து, பெருமூச்சு விட்டேன்.

"என்ன மச்சான்?"

"நான் தெரியலடா. வீட்டுல சொல்லிட்டியா?"

பப்பாளியை வைத்துவிட்டு உடனே கிளம்பினான். மறுநாளே அதே மருத்துவமனைக்கு ஓடினான். நான் ஆசை தீரச் சிரித்தேன்.

மாலையில் அவன் மனைவி அழைத்தாள். சேகருக்கு இரண்டு கண்ணிலும் புரையாம் (கண்ணின் வில்லை மங்குவது). அடுத்த மாதம் அறுவை.

"நல்ல நேரத்துல சொன்னீங்கண்ணே" என்று நன்றி வேறு சொன்னாள். என் பழி இப்படிப் புண்ணியமாகப் போனது.

என் பாவை எங்கும் போகவில்லை. அன்று சேகருக்குக் கண் தெரியவில்லை.