மயில் மோதவில்லை

எப்போதும்வென்றான் என்ற ஊருக்கு மேற்கே ஒரு சின்ன கிராமத்தில் முத்துத்தாயும் அவள் புருஷன் சோலைமுத்துவும் அறுபது செம்மறி ஆடுகளை வைத்துப் பிழைத்தார்கள். ஊரை ஒட்டி ஒரு தனியார் விமானப் பயிற்சிப் பள்ளி இருந்தது. ஓடுபாதைக்கு அப்பால், கம்பிவேலிக்குள் வளரும் புல்லை மேய்த்துக்கொள்ள மேலாளர் பாலகணேஷ் அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தார். கோடையில் வேறெங்கும் பச்சையைப் பார்க்க முடியாத பூமியில் அது பெரிய ஆதரவு.

போன ஐப்பசியில் ஒருநாள், இறக்கையில் சிவப்புப் பட்டை போட்ட சிறிய விமானம் ஒன்றின் அடியில் தகர டப்பா இருப்பதைப் பார்த்தாள். அதற்குள் நீல நிறத்தில் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. ஆட்டுக்குட்டி ஒன்று அதில் மூக்கை நீட்ட, விரட்டிவிட்டு அங்கே நின்ற தொழிலாளியிடம் கேட்டாள்.

"விமானத்துக்கு ஊத்துத பெட்ரோலுதான் அக்கா. குழாய் லேசா கசியுது. புதுசு கேட்டிருக்கோம், இன்னும் வரல" என்றான் அவன்.

நான்காம் நாள் காலை பத்து மணி இருக்கும். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் நன்றாக ஊறியிருந்தது. வேலிக்கு வெளியே தரிசில் அவள் ஆடுகளோடு நின்றபோது, அதே சிவப்புப் பட்டை விமானம் விளாத்திகுளம் பக்கமிருந்து திரும்பி வந்தது. என்ஜின் இரண்டு தடவை திக்கியது. அப்புறம் சத்தமே இல்லை. காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஊர்க்காரர் கருத்தையாவின் உளுந்துக் காட்டில் சக்கரம் பட்டதும் ஈரமண் பிடித்துக்கொண்டது. விமானம் மூக்கால் குத்தி, அப்படியே குப்புறக் கவிழ்ந்தது.

ஆடுகள் நாலா திசையிலும் சிதறின. அவள் ஓடினாள். ஒவ்வோர் அடிக்கும் காலில் அப்பிய மண் கனத்தது. உள்ளே இரண்டு பேர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினார்கள். பயிற்சியாளர் விஜயராஜுக்கு நினைவில்லை. பயிற்சிக்கு வந்த பெண் ஜெயப்பிரியா, இருபது வயதுதான், அழுதுகொண்டிருந்தாள். பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது.

"அக்கா, பெல்ட்டு கழல மாட்டேங்குது!"

"அழாத தாயி. கையை ஊனித் தலையைத் தாங்கிக்கோ."

தழை அறுக்கும் தொரட்டிக்கம்பின் நுனி அரிவாளால் முத்துத்தாய் பெல்ட்டை அறுத்தாள். பெண் அவள் தோளிலேயே வந்து விழுந்தாள். அதற்குள் ரோட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒருவன் வாயில் பீடி.

"ஏலே, பீடிய அங்கனயே சேத்துல புதைச்சிட்டு வா!" என்று கத்தினாள்.

நாலு பேராக விஜயராஜை வெளியே இழுத்தார்கள். வலது கால் ஒடிந்திருந்தது. ஆம்புலன்ஸ் காட்டுக்குள் வர வழியில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த கயிற்றுக் கட்டிலில் கிடத்தி ரோடு வரை தூக்கிப்போனார்கள். நல்லவேளையாகத் தீப்பிடிக்கவில்லை.

சாயங்காலம் பாலகணேஷ் அவள் வீட்டுக்கே வந்தார்.

"அக்கா, நாளைக்கு விசாரணைக்கு வருதாங்க. மயிலு குறுக்க பறந்து மோதிச்சுன்னு சொல்லுங்க, போதும். இங்கன மயிலுக்கா பஞ்சம்?"

"நான் மயில் எதையும் பாக்கலியே சார்."

"பள்ளிய மூடிட்டா ஆட்ட எங்க கொண்டு மேய்ப்பீங்க? யோசிச்சுக்கோங்க."

அவர் போனதும் சோலைமுத்து சொன்னான்: "பெரிய ஆளுக விவகாரம். ஒண்ணும் பாக்கலன்னு சொல்லிட்டு வந்துரு."

"பாத்தேனே. நாலு நாளைக்கு முன்னாலயே டப்பாவப் பாத்தேன். அன்னைக்கே நாலு பேரு காதுல போட்டிருக்கணும், போடல. இப்பவும் மறைச்சா, அடுத்து ஏறுத பிள்ளைக்கு யாரு பதில் சொல்லுவா?"

சோலைமுத்து எழுந்து ஆட்டுப்பட்டியை அடைக்கப் போனான்.

மறுநாள், சென்னையிலிருந்து வந்த அதிகாரியிடம் அவள் பார்த்ததை எல்லாம் சொன்னாள். பக்கத்தில் நின்ற பாலகணேஷின் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. டப்பா எங்கே இருந்தது என்று அதிகாரி கேட்டார். கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். டப்பாவை எடுத்துவிட்டிருந்தார்கள். சிமெண்டுத் தரையில் நீலக்கறை மட்டும் இருந்தது. அதிகாரி குனிந்து அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த நாளே, ஆடுகள் நுழையும் வேலிக் கதவில் பாலகணேஷ் போட்ட பூட்டு தொங்கியது. மழைக்காலம் எப்படியோ கழிந்தது. பங்குனியில், அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட, அவளும் சோலைமுத்துவும் ஆடுகளைத் தாமிரபரணிக் கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியில் வெயில் தாங்காமல் மூன்று குட்டிகள் செத்தன. ஒவ்வொன்றையும் புதைக்கும்போது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது.

ஆனி மாதம் ஜெயப்பிரியா போன் செய்தாள். அறிக்கை வந்துவிட்டதாம். பெட்ரோல் குழாயில் வெடிப்பு விழுந்துதான் என்ஜின் நின்றிருந்தது. புதிதாக மாற்றியதாகப் பள்ளி எழுதி வைத்திருந்தது பொய். பள்ளியின் உரிமத்தை நிறுத்திவிட்டார்கள்.

"உங்க பேரு அதுல இல்லக்கா. 'நேரில் பார்த்த ஒருவர்'னுதான் போட்டிருக்கு."

"அது கிடக்கட்டும். கால் ஒடிஞ்ச உங்க சாரு நடக்காவளா?"

"கம்பு ஊனி நடக்காவ. நான் வேற ஊர்ப் பள்ளியில சேந்துட்டேன். நேத்து ஒருமணி நேரம் ஓட்டினேன்."

"பயமா இல்லியா?"

"இருந்துச்சு. மேல போனதும் கொஞ்சம் கொறஞ்சிட்டு."

முத்துத்தாய் சிரித்தாள். அதற்குள் இரண்டு ஆடுகள் யாருடைய வாழைத் தோட்டத்துக்குள்ளோ நுழைவதைக் கண்டு, "இரு தாயி, பொறவு பேசுதேன்" என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.