எல்லா வாசலிலும் நின்ற வண்டி

பாக்கியம் நர்சம்மா போய்விட்டார் என்று ஏரலிலிருந்து அவர் தம்பி போனில் சொன்னபோது, நான் என் வலைக்கயிறு கடையில் உட்கார்ந்து அடுத்த வீட்டுச் சண்டையை நாலு பேருக்கு விவரித்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினேன். உயிரோடு இருந்தபோதும் என் வாயை அடைத்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் கையால் ஊசி போட்டுக்கொண்ட நம் ஊர்ப் பெண்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் பிள்ளை உண்டானால் ஐந்து மாதம்வரை மூச்சுவிட மாட்டார்கள். கண்ணேறுக்குப் பயம். கிராம நர்ஸோ மூன்று மாதத்துக்குள் அதைப் பதிய வேண்டும். அவருடைய ஸ்கூட்டர் ஒரு வாசலில் நின்றால் நான் கடையிலிருந்தே கூவுவேன்: “ஏலே, நர்சம்மா வண்டி நிக்கி. தொட்டிலுக்கு நாலு முழம் கயிறு வெட்டட்டா?” கடையே சிரிக்கும். கடலுக்குப் போன புருஷன் வள்ளத்தைவிட்டு இறங்குமுன்பே அவனுக்குச் செய்தி போய்விடும்.

எதிர்த்தெருவில் ஒரு பெண், பெயர் வேண்டாம். இரண்டு முறை கலைந்துபோனவள். மூன்றாம் முறை என் கயிற்றுப் பேச்சுக்குப் பயந்து, வண்டிச் சத்தம் கேட்டாலே பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். “தாய் வீட்டுக்குப் போயிருக்கா” என்பாள் மாமியார். எட்டாம் மாதம் கால் வீங்கி, கண் இருட்டி விழுந்த பிறகுதான் நர்சம்மா அவளைப் பார்த்தார். தூத்துக்குடியில் தாயைக் காப்பாற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை.

மறுவாரம் நர்சம்மா கடைக்கு வந்தார். ஏசுவார் என்று நினைத்தேன்.

“கைய நீட்டுங்க அண்ணாச்சி.” பிரஷர் பட்டையைச் சுற்றினார்.

“எனக்கு எதுக்கு? நான் உண்டாகலியே.”

அவர் சிரிக்கவில்லை. “இனிமே எல்லா வாசல்லயும் வண்டி நிக்கும். கெழவன் வீடு, கல்யாணம் கட்டாத பய வீடு, சர்ச்சு சாமியார் பங்களா. எங்கன எதுக்கு நிக்கின்னு நீங்க கண்டுபிடிங்க பாப்போம்.”

செய்தும் காட்டினார். சாமியார் பங்களா வாசலில் வண்டி நின்ற அன்று என் கடை சிரிக்கவில்லை. எதிர்த்தெருப் பெண்ணுக்கு அப்புறம் ஒரு மகள் பிறந்தாள். பிறக்கும்வரை, இந்த ஊரில் எல்லாம் தெரிந்த எனக்கே தெரியாது.

மாதாமாதம் என் கையில் பட்டையைக் கழற்றும்போது நர்சம்மா மெதுவாகக் கேட்பார்: “அவகிட்ட, ‘தப்பு என்மேலதான்’னு சொல்லிட்டியளா?”

“சொல்லுதேன் நர்சம்மா.”

“ஊர்க்கதைக்கெல்லாம் வாய் இருக்கு. இதுக்கு மட்டும் இல்லியோ?”

ஓய்வுபெற்று ஏரலுக்குப் போகும் நாளிலும் கேட்டார். அன்றும் அதே பதில்தான்.

ஏரலில் அடக்கம் முடிந்ததும் அந்த எதிர்த்தெருப் பெண், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “வெயில்ல நிக்கியளே, தண்ணி குடிச்சியளா அண்ணாச்சி?” என்றாள். குடித்தேன் என்றேன். குடிக்கவில்லை.

நர்சம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்விதான். கேட்க இனி ஆள் இல்லை. பதில் சொல்ல வேண்டிய வீடு, கடையிலிருந்து முப்பது அடி தூரத்தில் இருக்கிறது.