காத்து இழுத்த ஜெர்மன் பாட்டு

இன்னிக்கு காலையில, பாகூர்ல எங்க வூட்டு மாடியில, ஐம்பது வருஷத்துக்கு முந்தின ஜெர்மன் ராக் ஒண்ண ஸ்பீக்கர்ல போட்டேன். இருவது நிமிஷப் பாட்டு, பாடறதுக்கு ஆளே கிடையாது. நிக்காம ஓடற டிரம்ஸ், அதுக்கு மேல கர்ருனு ஒரு கீபோர்டு.

பன்னெண்டாவது நிமிஷத்துல அந்த கீபோர்டு விட்டு விட்டு இழுக்க ஆரம்பிச்சுது.

கீழ பாத்தா, பக்கத்து நெலத்து ஏகாம்பரம் அண்ணன் வரப்புல விழுந்தடிச்சு ஓடி வராரு. எங்க சுவத்த ஒட்டிதான் அவரோட மோட்டார் கொட்டகை. இன்னாவோ ஏதோன்னு பாட்ட நிறுத்தினேன். அதே நேரம் அவரும் மோட்டார நிறுத்திட்டாரு.

"இன்னாண்ணே ஆச்சு?"

"மோட்டார் தண்ணிக்கு பதிலா காத்து இழுக்குதுபா. உனக்கு கேக்கல? கிணத்துல பைப்பு அடியில இருக்கற ஃபுட்வால்வு போயிருக்கும். நிறுத்தினதும் பாரு, சத்தம் அடங்கிடுச்சு."

அடங்காம எங்க போகும்.

நாளைக்கு அவருக்கு நடவு. பாதி நெலத்துக்குத்தான் தண்ணி பாஞ்சிருக்கு. மெக்கானிக் வந்து, பைப்ப மேல தூக்கி, வால்வக் கழட்டிப் பாத்துட்டு, "நல்லாத்தான இருக்கு"ன்றாரு.

"எங் காது பொய் சொல்லாது"ன்றாரு அண்ணன்.

சொல்லிடலாம்னு மூணு தடவ படி இறங்கிட்டேன். மூணு தடவயும் ரெண்டு பேருக்கும் டீ குடுத்துட்டு ஏறி வந்துட்டேன்.

பாட்டுல இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி. அது எப்படி முடியுதுன்னு தெரியாம எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல. உண்மைய சொல்லிட்டு கேக்கறதா, ஹெட்போன்ல கேக்கறதா? மெக்கானிக் வால்வ திருப்பி மாட்டறதுக்குள்ள யாராவது சொல்லுங்கபா.