மரத்துக்குப் பின்னால் நின்ற மாமன்

கொரோனா ஊரடங்கெல்லாம் எடுத்து இரண்டு வருடம் போயிருக்கும். சத்தியமங்கலத்தில், பவானி ஆற்றை ஒட்டிய ஒரு சின்னக் கோயிலில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து.

அந்தக் குழந்தை பிறந்தது ஊரடங்கு நாட்களில். நான் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் அடைந்து கிடந்தேன். பிறந்த முகத்தைப் போனில்தான் பார்த்தேன். அன்றைக்கு வேறு வழியில்லை. பிறகு வழி திறந்தது, பஸ் ஓடியது, நான்தான் கிளம்பவில்லை. முதல் பல்லும் முதல் நடையும் முதல் "மாமா"வும் உள்ளங்கை அகலக் கண்ணாடியிலேயே வந்து சேர்ந்தன. பிறந்தநாள் கவுன்கூட ஆன்லைனில் போனது. தங்கை அழைத்தபோதெல்லாம், "வீடியோல வந்தர்றேன் அம்மணி" என்பேன். அவளும் அழைப்பதை மெல்ல மெல்லக் குறைத்துவிட்டாள்.

காதுகுத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தோடும் பட்டுப்பாவாடையுமாகக் காலையிலேயே போய் இறங்கினேன். தங்கைக்கு நம்பிக்கை இல்லைபோல. உள்ளூரில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகனையும் மடிக்குத் தயாராக வரச்சொல்லியிருந்தாள். அவன் என்னைக் கண்டதும், "ஏனுங்ண்ணா, டவர் கெடைக்காம நேர்லயே வந்துட்டீங்களாக்கு?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சம்மணமிட்டு உட்கார்ந்தேன். குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். ஒருமுறை அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி அலறல். என் சட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கீழே நழுவினாள்.

"நாந்தான் கண்ணு, மாமன்."

"நீ இல்ல. மாமா போன்ல இருக்குது."

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. தங்கை என் பக்கமாகக் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்ண்ணா. கொஞ்சம் அந்தப் பக்கமாப் போயி போன் பண்றீங்களா? உங்களப் பாத்தா அழுகைய நிறுத்திப்போடுவா."

போனேன். கோயிலுக்குப் பின்னால், ஒரு புங்கமரத்துக்கு அந்தப்புறம் நின்று வீடியோவில் அழைத்தேன். சித்தப்பா மகன் மடியில் அவள். என்னைப் பார்த்ததும் கண்ணீரோடு சிரித்தாள், கையாட்டினாள். நான் பூனையாகக் கத்தினேன், ஆடாகக் கத்தினேன். ஊசி இறங்கியது. அவள் அழுகை முதலில் சுவரைத் தாண்டிக் காற்றில் வந்தது. ஒரு கணம் கழித்துப் போனில் வந்தது.

அதன் பிறகு அடிக்கடி போகிறேன். இப்போது அவள் ஓடி வந்து தோளில் ஏறுகிறாள், அன்று அழுததெல்லாம் அவளுக்கு ஞாபகமே இல்லை. எனக்கு இருக்கிறது. காது ஒருமுறைதான் குத்துவார்கள். அந்த ஒருமுறை, நாலு எட்டு வைத்தால் கண்ணைத் துடைத்துவிடக்கூடிய தூரத்தில் நின்றுகொண்டு, போன் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்த மாமன் நான் என்பது இன்னும் ஆறவில்லை.