அம்மா தமுக்கெடுத்த பங்குனி

பங்குனி பிறந்ததும் எங்கள் ஊர்த் தெருக்களில் பிளீச்சிங் பவுடர் நெடி ஏறும். தீப்பெட்டி ஆபீஸ்களிலிருந்து வரும் மெழுகு வாசனையோடும் கந்தக வாசனையோடும் அது கலந்து, வெயில் கூடக் கூட மூக்கின் உட்புறம் லேசாக எரியும். அந்த எரிச்சலை வைத்தே அம்மன் கோயில் பொங்கல் நெருங்கிவிட்டது என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வோம். சிவகாசிக்கும் சாத்தூருக்கும் நடுவில் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. அறுபதுகளின் தொடக்கம் அது. நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சாயத்து போர்டுக்கு வருஷத்திலேயே வேலை மிகுந்த மாதம் பங்குனிதான். திருவிழாவுக்கு முன்னால் சாக்கடை வாறுகால்களை அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும், கிணறுகளுக்கு மருந்து போட வேண்டும், அம்மை குத்துகிறவர்களையும் காலரா ஊசி போடுகிறவர்களையும் வரவழைக்க வேண்டும். கூரை வீட்டுக்காரர்கள் வாசலில் குடம் தண்ணீரும் ஒரு கூடை மணலும் வைக்க வேண்டும், ஏனென்றால் வெடிமருந்து காயப் போடுகிற அந்த வெயிலில் ஒரு பொறி பட்டால் போதும், தெருவே போய்விடும். இத்தனை சேதிகளும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு ஆளின் தொண்டை வழியாக. அவர் என் அப்பா. பெயர் மாடசாமி. போர்டில் தமுக்கடிக்கிறவர்.

அப்பாவின் குரல் கனமான குரல். நாற்சந்தியில் நின்று தமுக்கை முழக்கி, "இதனால் சகலமானவர்களுக்கும்" என்று அவர் தொடங்கினால் நாலு தெருவுக்கும் கேட்கும். சொல்லி முடித்ததும் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த சந்திக்குப் போய்விடுவார். வீட்டு வாசல்களுக்கு அவர் போனதில்லை. எங்கள் ஆட்கள் பெரிய தெருக்களில் வாசல் பக்கம் போய் நின்று பேசுகிற காலம் இன்னும் வந்திருக்கவில்லை.

அந்த வருஷம் வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாந்திபேதி கண்டிருக்கிறது என்ற சேதி வந்தது. அந்தக் கிராமத்தார் வண்டி கட்டிக்கொண்டு எங்கள் பொங்கலுக்கு வருகிறவர்கள். போர்டே பதறிப்போயிருந்த அந்த வாரத்தில், அப்பா காய்ச்சலில் விழுந்தார். தொண்டை வீங்கி, கஞ்சி இறங்கவே கஷ்டப்பட்டது. பேச்சு என்று ஒன்று வரவே இல்லை.

காலையில் சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் காலனிக்கே வந்துவிட்டார். மெலிந்த, பொறுமையான மனிதர், வெளியூர்க்காரர். அப்பா படுத்துக் கிடப்பதைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "இன்னிக்கே சொல்லியாகணுமே" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை அவளுக்கு. சுப்புத்தாய் என்றால் கை வேகத்துக்குப் பெயர் போனவள். ஆனால் பேச்சு குறைவு, குரலும் மெல்லிசு. தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"என்ன சொல்லணும்னு சொல்லுங்கய்யா. நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

"நீயா? பொம்பளை தமுக்கடிச்சு நான் பார்த்ததில்லையேம்மா."

"நானும் பாத்ததில்லய்யா. வேற ஆளு இருக்காகளா?"

அப்பா படுத்தபடியே கையைத் தூக்கி, சுவரில் மாட்டியிருந்த தமுக்கைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் சேதியைச் சொன்னார்: தெற்குத் தெருக் கிணற்றுக்கு மருந்து போட்டுப் பலகையால் மூடியிருக்கிறது, போர்டு திறக்கும்வரை யாரும் இறைக்கக் கூடாது, பள்ளிக்கூடத்தில் ஊசி போடுகிறார்கள், எல்லாரும் வந்து போட்டுக்கொள்ள வேண்டும். அம்மா ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். ஊசிக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்ததால் நானும் கூடவே போனேன்.

தமுக்கு அவள் கையில் படியவில்லை. அப்பா அடித்தால் வரும் முழக்கம் வராமல், தகரத்தில் கல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கடைவீதியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "மாடசாமி பொண்டாட்டிக்கு வேஷம் கட்டி விட்டிருக்காம்லே" என்றார். எனக்கு அழுகை முட்டியது. அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆனால் அவள் குரல் சந்தியின் பாதியைக்கூடத் தாண்டவில்லை என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது.

அதற்கு அவள் செய்ததுதான் இன்றைக்கும் நான் வியக்கிற காரியம். சந்தியை விட்டுவிட்டுத் தெருவுக்குள் இறங்கினாள். நாலைந்து வீட்டுக்கு ஒருதரம் நடுத்தெருவில் நின்று, இரண்டு தட்டுத் தட்டி, பேசுகிற குரலிலேயே சேதியைச் சொன்னாள். அப்பா சொல்லும்போது கதவிடுக்கு வழியாகக் காது கொடுத்த பெண்களெல்லாம், வந்திருப்பது பொம்பளை என்றதும் முற்றத்தைத் தாண்டி வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் கேள்வி கேட்டார்கள். அப்பாவை யாரும் எப்போதும் கேள்வி கேட்டதில்லை.

பால் கொடுக்கிறவள் ஊசி போட்டுக்கொள்ளலாமா? முழுகாமல் இருக்கிறவள் போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதா? காய்ச்சல் வந்தால் ஆபீஸ் வேலைக்கு எப்படிப் போவது? அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. "எனக்குத் தெரியல தாயி. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்பாள். ஒரு தெரு முடிந்ததும் வெயிலோடு வெயிலாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து, இன்ஸ்பெக்டரிடம் கேட்டு, அதே வாசலுக்குத் திரும்பிப் போய்ச் சொன்னாள். அப்படி எத்தனை நடை நடந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் போவதும் வருவதும் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

தெற்குத் தெருக் கிணறுதான் ஊரிலேயே நல்ல தண்ணீர்க் கிணறு. மற்றதெல்லாம் உப்புச் சவர். காப்புக் கட்டி விரதம் இருக்கிறவர்கள் அந்தத் தண்ணீரில்தான் சமைப்பார்கள். நாங்கள் அதில் வாளி விட முடியாது. யாராவது இரக்கப்பட்டு எங்கள் குடத்தில் தூக்கி ஊற்றினால்தான் உண்டு. மறுநாள் காலையில் அம்மா அங்கே போனபோது பலகைகளை யாரோ எடுத்துச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். குடங்களோடு பெண்கள் கூடியிருந்தார்கள். எண்ணெய்ச்செக்கு முதலாளியின் வீட்டு ஆள் வாளியும் கயிறுமாக நின்றார். திருவிழாக் கமிட்டிக்கு முதலாளிதான் தலைவர்.

அம்மா தமுக்கைத் தட்டவில்லை. நேரே போய்க் கிணற்றுக்கு முன்னால் நின்றாள்.

"எறைக்காதீக. போர்டு இன்னும் திறக்கச் சொல்லல."

சத்தம் கேட்டு, கிணற்றுக்கு எதிரே இருந்த வீட்டிலிருந்து முதலாளி வெளியே வந்தார். பருத்த உடம்பு, தோளில் துண்டு. "யாரைக் கேட்டு நீ இங்கன நிக்க?" என்றார்.

"போர்டு சொல்லித்தான் நிக்கேன் முதலாளி."

"திருவிழா நாள்ல ஊர்க் கிணத்த மூடுறதுக்கு போர்டு யாரு? வந்து சொல்றதுக்கு நீ யாரு?"

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா அவரைப் பார்த்துப் பேசவில்லை. குடத்தோடு நின்ற பெண்களைப் பார்த்துப் பேசினாள்.

"இந்தக் கிணத்துல ஒரு வாளி எறைக்க எனக்கு வழி இல்ல. மூடினா எனக்கு நட்டமும் இல்ல, திறந்தா எனக்கு லாபமும் இல்ல. அங்கன வெம்பக்கோட்டைப் பக்கம் பேதி பிள்ளைகளத்தான் முதல்ல கொண்டுபோவுதாம். இன்ஸ்பெக்டர் அய்யா கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டுச் சொன்னாக. அதுக்காக நிக்கேன்."

அப்போது முதலாளியின் மனைவி குடத்தோடு முன்னால் வந்தார். கையில் மஞ்சள் காப்பு இருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த மகனுக்காக அவர் அந்த வருஷம் அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும்.

"சுப்புத்தாயி, மருந்து போட்ட தண்ணிய எப்ப எறைக்கலாம்? காப்புக் கட்டின கையில ஊசி போட்டா விரதம் கெட்டுப்போகாதா? இந்த ரெண்டையும் எனக்குச் சொல்லு."

"கேட்டுட்டு வாரேன் தாயி. அதுவரைக்கும் வாளி விடாம இருக்கணும்."

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் குடத்தைக் கீழே வைத்தார். இரண்டு பலகைகளை இழுத்துக் கிணற்றின் மேல் போட்டு, அதன்மேல் தாமே உட்கார்ந்துகொண்டார். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி நிமிர்ந்து பார்த்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். வாளிக்காரரும் நழுவினார். அம்மா ஓடாத குறையாக நடந்தாள். நான் அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டு கிணற்றங்கரையில் நின்றேன். வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்தது. நிழலுக்கு வரச் சொன்னவர்களுக்கு, "அவ வெயில்லதான போயிருக்கா" என்று மட்டும் பதில் சொன்னார்.

அம்மா திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"நாளைக்கு வெடிஞ்சதும் அய்யா வந்து தண்ணியச் சோதிச்சுப் பாத்துட்டுத் திறந்து விடுறேன்னாக. மருந்து வாடை கொஞ்சம் இருக்குமாம், குடிச்சா ஒண்ணும் செய்யாதாம். விரதத்தப் பத்தி அவுகளுக்குச் சொல்லத் தெரியலயாம்." கொஞ்சம் நிறுத்தி, மூச்சை விட்டுக்கொண்டு, "அதுனால கோயிலுக்கும் போயிட்டு வந்தேன். வெளிய நின்னு பூசாரியக் கேட்டேன். காப்புக் கட்டாத கையில போட்டுக்கிடச் சொன்னாக" என்றாள்.

அந்த அம்மாள் முதலில் புன்னகைத்தார், அப்புறம் வாய்விட்டே சிரித்தார். சுற்றி நின்ற பெண்களும் சிரித்தார்கள். அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்தில் ஊசிக்கு நின்ற வரிசையில் முதலாளியின் மனைவி, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் தெற்குத் தெருவே நின்றது. காப்புக் கட்டியவர்கள் எல்லாரும் மறுகையை நீட்டினார்கள். எனக்குப் போட்ட ஊசி இரண்டு நாள் வலித்தது. தோள் கல் மாதிரி இறுகிக் கிடந்தது.

பொங்கல் நடந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்களில் இருவர் வாந்திபேதியில் விழுந்து, ஜீப்பில் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதில் ஒருவர் திரும்பவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கும் எதுவும் வரவில்லை. முதலாளியின் மனைவி அக்கினிச்சட்டியோடு எங்கள் காலனி முக்கைக் கடந்தபோது, ஒரு கணம் நின்று அம்மாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

அதோடு அந்தக் கிணற்றில் எங்களுக்கும் வழி பிறந்துவிட்டது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பிறக்கவில்லை. சில வருஷம் கழித்துத் தெருக்குழாய் வந்த பிறகுதான் நாங்கள் எங்கள் கையாலேயே நல்ல தண்ணீர் பிடித்தோம். ஆனால் வேறொன்று மாறியது. அப்பா தேறி, தமுக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்ட முதல் நாளே பெண்கள் வாசலுக்கு வந்து, "சுப்புத்தாய எங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர், "நான் ஊருக்குச் சொல்லுதேன். நீ ஆளுக்குச் சொல்லுத. ரெண்டும் வேணும் போல" என்றார். அவர் வாயிலிருந்து அம்மாவைப் பற்றி நான் கேட்ட பெரிய பாராட்டு அதுதான். அதன்பின் ஒவ்வொரு பங்குனியிலும் அம்மா ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு போனாள். அப்பா முன்னால் முழக்கிக்கொண்டு போவார்; அம்மா பின்னால், வாசல் வாசலாகப் பதில் சொல்லிக்கொண்டு வருவாள். போர்டில் அவளுக்கு வேலை என்று ஒன்று யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

இருவரும் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. தமுக்கும் இல்லை, தெற்குத் தெருக் கிணறும் தூர்ந்து அதன்மேல் கட்டடம் வந்துவிட்டது. இப்போது சேதி ஆட்டோவில் வருகிறது. யாரோ நல்ல குரல்காரப் பெண் எங்கோ பதிவு செய்து கொடுத்திருக்கிறார். உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. அப்பாவின் குரலைவிடத் தூரம் கேட்கிறது. போன பங்குனியில் அப்படி ஒரு ஆட்டோ, பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் சேதியோடு எங்கள் தெருவுக்குள் வந்தது. எதிர்வீட்டுப் பெண், பிறந்து சில மாதமே ஆன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள். "அண்ணே, பிள்ளைக்குச் சளியா இருக்கு, போடலாமா?" என்று கேட்டாள். ஓட்டுகிற பையன் காதில் கை வைத்துக் காட்டிச் சிரித்தான். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் இன்னும் இரண்டடி முன்னால் போய் மறுபடி கேட்டாள். அதற்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பியிருந்தது.