மேடையில் எது கிழக்கு?

என் மகள் நடனம் கற்றுக்கொள்ளும் விஷயத்தில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ரொம்ப நாளாக வாய்ச்சண்டை. அவர் பாம்பனில் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். பரதநாட்டிய வகுப்பு நடப்பதோ இராமநாதபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை மாடியில். சனிக்கிழமை தோறும் பாலம் தாண்டி பஸ்ஸில் இடிபட்டுப் போய்வருவது நானும் அவளும். அலுத்துக்கொள்வது மட்டும் அவர்.

தூரம் என்பது சும்மா ஒரு சாக்கு. பிள்ளை மேடையில் நின்று ஏதாவது தப்பாகி, நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்பதுதான் அவருடைய உண்மையான பயம். எத்தனையோ காற்றையும் அலையையும் பார்த்த மனுஷன், இதற்குப் போய் இப்படி நடுங்குகிறாரே என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஆண்டு விழா மே மாதத்தில் வந்தது. மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடந்தது, அவரும் வீட்டில் கிடந்தார். அதனால் முதல்முறையாக அவரும் வருவதாகச் சொன்னார். வருகிற மனுஷன் சும்மா வரக்கூடாதா?

"ஆடட்டும், நானும் வந்து பாக்குறேன். ஆனா சபை சிரிச்சிச்சுன்னா அத்தோட நிப்பாட்டிரணும். ஆறாப்பு போற புள்ள, போதும்."

அதை மகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு பல் விளக்கும்போதுகூட அவள் கால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது.

அவளுக்குக் கிடைத்திருந்தது கடைசி நிகழ்ச்சி, மீனவர் நடனம். ஐந்து பிள்ளைகள் வரிசையாக நின்று படகாவார்கள். என் மகள் அவர்களுக்கு முன்னால் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில் நிற்பாள். முறுக்கிய நீலச் சேலை ஒன்று கயிறு மாதிரி ஆறு பேர் கையிலும் இருக்கும். பாட்டின் நடுவில் மேளம் மாறும் இடத்தில் இவள் கயிற்றை இழுக்க, படகு கிழக்கே கடலுக்குள் போக வேண்டும். ஒப்பனையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏ புள்ள, இம்புட்டு நகையும் ஒட்டியாணமும் போட்டுக் கடலுக்குப் போனா மீனு மெரண்டு இலங்கைப் பக்கம் ஓடிரும்."

"வாய மூடிக்கிட்டு வாங்க" என்றேன். ஒட்டியாணத்தைப் பற்றி எனக்கும் அதே எண்ணம்தான், ஆனால் அதை அவரிடம் சொல்வேனா?

இந்த இடத்தில் நடன டீச்சர் சொல்லிக்கொடுக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வலது, இடது என்று பேசுவது குறைவு. பந்தியில்கூட "கொஞ்சம் கெழக்க தள்ளி உக்காருங்க" என்போம். முதுகு சொறியச் சொன்னாலும் "மேக்க, இன்னும் மேக்க" என்போம். டீச்சரும் இந்த மண்ணுக்காரிதான். எதிரே நின்று ஆடிக்காட்டும்போது அவர் வலது பிள்ளைகளுக்கு இடதாகத் தெரிந்து, சின்னதுகள் குழம்பிப்போகும். அதனால் எல்லாமே திசைதான். "கெழக்க மூணடி, மேக்க திரும்பு, வடக்க பாக்காத" என்று தட்டுக்கழியால் கட்டையில் தட்டியபடியே சொல்வார். அழகாக நடந்தது. ஒரு பிள்ளையும் ஒருநாளும் குழம்பியதில்லை.

விழா நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் நாளே மேடையில் ஆடிப் பார்ப்பதாகப் பேச்சு. ஆனால் மண்டபத்தில் ஒரு கல்யாணம், மறுநாள் மதியப் பந்தி முடிந்தபிறகுதான் சாவி கையில் வந்தது. நாங்கள் போனபோது இலை எடுத்த ஈரம் காயவில்லை, சாம்பார் வாசனை அப்படியே நின்றது. ஆடிப் பார்க்கவெல்லாம் நேரமில்லை. பொட்டு வைக்கவும் சடை பின்னவுமே சரியாகிவிட்டது.

முதல் நிகழ்ச்சிகள் நல்லபடியாகப் போயின. ஒரு குட்டிப் பிள்ளை மேடையில் நின்று அம்மாவைத் தேடி அழுதது, சபை 'ச்சோ' கொட்டியது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார். அவர் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மீனவர் நடனம் வந்தது. என் மகள் முன்னால் நின்றாள். ஆத்தாடி, அவள் அவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. படகு ஆடியது, துடுப்பு போட்டது, எல்லாம் ஒழுங்கு. மேளம் மாறியது. ஐந்து பிள்ளைகளும் இடது கைப்பக்கம் போனார்கள். என் மகள் வலது கைப்பக்கம் போனாள்.

நீலச் சேலை நடுவில் விறைத்து நின்றது.

என்ன நடந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. ஐந்து பேர் அந்தப் பக்கம் இழுக்கிறார்கள், இவள் ஒருத்தி இந்தப் பக்கம் இழுக்கிறாள். திரைக்குப் பக்கத்தில், அந்த ஐந்து பேர் போன பக்கத்தில் டீச்சர் நின்றிருந்தார். "ஏய், கெழக்க வாடி! கெழக்க!" என்று கையை ஆட்டினார். அதைக் கேட்டதும் என் மகள் இன்னும் காலை ஊன்றிக்கொண்டு, தன் பக்கம் இன்னும் பலமாக இழுத்தாள். பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பிள்ளையின் உதடு நடுங்குவது என் இடத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் சேலையை அவள் விடவில்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். மேடைக்குப் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்று பயந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"ஏய், எதுக்குய்யா சிரிக்கிறீங்க? கெழக்கு அதுதான்யா!" என்று கத்தினார், கடலில் பக்கத்துப் படகைக் கூப்பிடுகிற குரலில். "எம்புள்ள நிக்கிற பக்கந்தான் கெழக்கு! வெயிலு எங்கிட்டு அடிக்குதுன்னு பாருங்க!"

சபை முழுக்க ஜன்னலைத் திரும்பிப் பார்த்தது. நானும் பார்த்தேன். சாயங்கால வெயில் அந்த ஐந்து பிள்ளைகள் இருந்த பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் உள்ளே விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் பிள்ளைகள் தெற்குப் பார்த்து நின்று ஆடுவார்கள், கிழக்கு இடது கைப்பக்கம். இந்த மேடையில் வடக்குப் பார்த்து நின்றார்கள், கிழக்கு வலது கைப்பக்கம் வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் கால் பழகின பக்கம் போனார்கள். படகுக்காரர் மகள் கிழக்கு என்றால் கிழக்கே போனாள். இவளுக்கு நடக்கத் தெரியும் முன்பே, கரையில் தோளில் உட்காரவைத்து இது வடக்கே இருந்து வரும் வாடை, இது கிழக்கே இருந்து வரும் கொண்டல் என்று காற்றுக்காற்றாகக் காட்டியவர் அவர்தானே.

படகின் கடைசியில் நின்ற பொடிசு, என் வீட்டுக்காரரை ஒருமுறை பார்த்தது, என் மகளை ஒருமுறை பார்த்தது. பிறகு குடுகுடுவென்று இவள் பக்கம் ஓடிவந்துவிட்டது. அதன் பின்னால் மற்ற நாலும் வந்தன. படகு கிழக்கே போனது. பாட்டும் முடிந்தது. கைதட்டலைக் கேட்க வேண்டுமே! எனக்குப் பின்னால் ஒருவர், "பரவால்லப்பா, புயல்ல படகு இழுபடுறத அச்சு அசலா காட்டிட்டாய்ங்க" என்றார். நான் திருத்தவில்லை.

டீச்சர் ஓடிவந்து மகளைக் கட்டிக்கொண்டார். "தப்பு எம்மேலதாண்டி" என்று சொல்லிச் சிரித்தார், கண்ணெல்லாம் மை. என் மகள் சிரிக்கவில்லை. அவள் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சபை சிரித்துவிட்டதே.

திரும்பும் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நடனத்தை நிறுத்துவது பற்றி இவர் ஏதாவது சொன்னால் பஸ் என்றும் பாராமல் ஒரு பிடி பிடித்துவிடுவது என்று வார்த்தைகளை அடுக்கிவைத்திருந்தேன். மண்டபம் ஊரைத் தாண்டி, பாலம் ஏறி, காற்று முகத்தில் அடித்தபோது மகளே கேட்டாள்.

"எல்லாரும் சிரிச்சுட்டாங்கல்லங்கய்யா?"

"சிரிச்சாய்ங்க" என்றார். "ஆனா நீ கயித்த விடலையே தாயி."

அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். சேலை இழுத்த இடம் சிவந்து கிடந்தது. தன் காய்த்துப்போன கையால் அதை மூடிக்கொண்டார்.

"தடைக்காலம் முடியிற மட்டும் சனிக்கெழம நானே கூட்டிட்டு வாரேன்."

"முடிஞ்சப்புறம்?"

"முடிஞ்சப்புறம் ஒங்க அம்மா கூட்டிட்டு வருவா. அவளுக்கு என்ன வேல?"

சொல்லவேண்டியதையெல்லாம் அடுக்கிவைத்திருந்த எனக்கு அழுகைதான் வந்தது.